வெள்ளைச் சேலையில் இருபத்துநான்கு பைகள்

என் மாமியாரைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் இதைச் சொல்வேன்: எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் குரல் உயராது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கத்தாமலே வகுப்பை நடுங்க வைத்தவர் என்று அவரிடம் படித்தவர்கள் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்வார்கள். நடுங்கியதில் என்ன பெருமை வேண்டிக் கிடக்கிறது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். அவர்கள் படித்து முடித்து வெளியே போய்விட்டார்கள். நான் அந்த வகுப்பிலேயே குடித்தனம் நடத்தினேன்.

வீடு மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபின் பக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்த கிறிஸ்தவக் குடும்பம். கூடத்தில் யாரும் வாசிக்காத பியானோ ஒன்று உண்டு. நான் ஈப்போவுக்கு வெளியே, செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பாலுக்காக மரம் சீவியவர்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிவிட்டார்கள். அம்மா இப்போது செமோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் என் தம்பியோடு இருக்கிறார். நான் ஈப்போவில் ஒரு திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்த்தபோது, தன் அம்மா வீட்டு ஜன்னல்களுக்கு அளவு கொண்டுவந்தவர்தான் என் கணவர். அளவைத் தப்பாகக் கொண்டுவந்தார். அதனால் மறுபடி மறுபடி வந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

பதிவுத் திருமணம்தான். ஆலயத்தில் வைத்துச் செய்ய அவளுக்கு என்ன தெரியும் என்று மாமியார் சொல்லிவிட்டார். மகள் வயிற்றில் இருந்தபோது ஞானஸ்நானம் எடுத்தேன். ஆசையோடுதான் எடுத்தேன், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆனாலும் மாமியாருக்கு நான் எஸ்டேட் ஆள்தான். சமையல் என்னுடையது, துணி துவைப்பது என்னுடையது. கிறிஸ்துமஸுக்குக் குடில் வைக்கும்போது மட்டும், "நீர் விடும் பிள்ளை, எது எங்க வைக்கிறதெண்டு உமக்குத் தெரியாது" என்பார். வீட்டில் மற்ற எல்லோரும் அவருக்கு 'நீ'. நான் மட்டும் 'நீர்'. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்ட காலமும் உண்டு. நான் அவ்வளவு மக்கு.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் மதியம் மாமியார் கைகழுவிவிட்டு வரத் தாமதமாயிற்று. சோறு ஆறுகிறதே என்று சாப்பாட்டு ஜெபத்தை நான் சொல்ல வாயெடுத்தேன். மகள் என் கையைத் தட்டி, "நீங்க வேணாம்மா, அப்பம்மா வந்து சொல்வாங்க. நீங்க சொன்னா சரியா வராது" என்றாள். குழந்தைதான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் கூப்பிய கையைப் பிரித்துச் சோற்றை மூடிவைத்தேன். மாமியார் என்னைப் பாராட்ட வேண்டும், மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது. என் பிள்ளை கண்ணில் நான் அந்த வீட்டு மனுஷியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த நவம்பரில்தான் அட்வெண்ட் காலண்டர் பேச்சு வந்தது. டிசம்பர் முதல் நாளிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை, பிள்ளைகள் நாளுக்கு ஒரு கதவைத் திறந்து உள்ளே இருக்கும் மிட்டாயை எடுப்பார்கள். அதற்கு முன்னெல்லாம் என் நாத்தனார் சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப் பெட்டிக் காலண்டரை வாங்கி வருவார். மாமியாருக்கு அது பிடிக்காது. வேதமும் இல்லை, வேலைப்பாடும் இல்லை, மெழுகு மாதிரி ஒரு சாக்லேட்தான் இருக்கிறது என்பார். அன்று சாப்பாட்டு மேசையில் என் பக்கம் திரும்பினார்.

"உமக்குத் தையல் தெரியும்தானே. துணியில ஒண்டு தையும் பாப்பம். இருபத்துநாலு பை வேணும். வசனம் நான் எழுதித் தாறன்."

அதோடு விடாமல் மகளிடம், "உன்ர அம்மாட தையல் நல்ல தையல்" என்றார். அந்த வீட்டில் என்னைப் பற்றி என் மகள் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். நான் ரசத்தை ஊற்றுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் சாப்பாட்டை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

நாத்தனார் நாற்பதைத் தாண்டியவர். பாலர் பள்ளியில் வேலை. கல்யாணம் ஒருமுறை நிச்சயமாகி நின்றுபோனதாகச் சொல்வார்கள். என்னிடம் அவர் கடுமையாக இருந்ததில்லை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பசார் போனால் எனக்கும் சேர்த்துப் பழம் வாங்கி வருவார்.

பச்சை நிறத்தில் கெட்டித் துணி வாங்கி, அதன்மேல் பை தைப்பது என்று திட்டம். பைக்கு என்ன துணி என்றுதான் முடிவாகவில்லை. பள்ளி விடுமுறை, வெளியே மழை. மாமியார் ஆலயத்துப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தார். மகள் தரையில் உட்கார்ந்து சிவப்புத் துணியில் எண்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் உள்ளே போய், மஸ்லின் துணியில் சுற்றிய ஒரு சேலையோடு வந்தார்.

"இந்தா, அம்மாட பழைய சேலை. தலைப்பில சரிகை நல்லா இருக்கு. வெட்டினா பையெல்லாம் ஒரே மாதிரி வரும்."

"மாமி ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாக்கா?"

"கேட்டுட்டன். வெட்டச் சொன்னவ."

"யாரோடது ஆன்ட்டி?" என்றாள் மகள்.

"அப்பம்மாடது. பழசு. நீ அந்தப் பக்கம் பிடி, அம்மா வெட்டட்டும்."

மகள் பிடித்துக்கொண்டாள். நான் வெட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கல்யாணச் சேலை என்றால் அரக்கு, சிவப்பு, மஞ்சள். வெள்ளைச் சேலை என்றால் புருஷன் போனவள் கட்டுவது. என் அம்மாவின் கல்யாணச் சேலையை மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாலும் கண் கூசும். மாமியார் விதவை. அவர் அலமாரியிலிருந்து லேசாகப் பழுத்த ஒரு வெள்ளைப் பட்டு வந்தால், மாமனார் போன பிறகு வாங்கியது என்றுதானே நினைப்பேன்? ஆலயத்தில் நான் பார்த்த மணப்பெண்கள் எல்லோரும் கவுன் போட்டவர்கள். கூடத்தில் மாமியாரின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது உண்மைதான். கறுப்பு வெள்ளைப் படம். அதில் எந்தச் சேலையும் வெளுப்பாகத்தான் இருக்கும். அவர்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்கள் அந்தக் காலத்தில் வெள்ளைப் பட்டு கட்டித்தான் கல்யாணம் செய்தார்கள் என்பதும், சிலர் சாகும்போது உடுத்துவதற்கு அதை எடுத்து வைப்பார்கள் என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லித்தர வேண்டியவர்தான் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார்.

"அம்மாவுக்கு இப்ப காட்டாத, தொங்கவிடுற அண்டைக்குப் பாக்கட்டும்" என்றும் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

ஒவ்வொரு பையின் வாயிலும் சரிகை வருகிற மாதிரி வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான வேலையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. உள்ளே வைக்கக் கடலை உருண்டை பிடித்தேன். "கோயில் பலகாரம் வேண்டாம்" என்று மாமியார் அதைத் தொடாமலே சொன்னார். சரி என்று அன்னாசித் தார்ட்டும் புளி மிட்டாயும் சாக்லேட்டும் போட்டேன். கடலை உருண்டையை நானும் மகளும் அடுப்படியில் நின்று தின்று தீர்த்தோம்.

அந்த வருஷம் டிசம்பர் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. கமுந்திங்கில் தங்கித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர், வாரக் கடைசி என்பதால் வீட்டில் இருந்தார். ஆலயத்திலிருந்து சில பெண்கள் ஜெபத்துக்கு வந்திருந்தார்கள். நான் பியானோவுக்கு மேலே காலண்டரைத் தொங்கவிட்டேன். வந்தவர்கள் ஆகா என்றார்கள். மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மா தச்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எனக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மாமியார் அறையிலிருந்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார். ஒரு பையின் சரிகையைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அடுத்ததை. பிறகு அதற்கு அடுத்ததை.

"இது எங்க எடுத்தது?"

"அக்கா குடுத்தாங்க மாமி. உங்ககிட்ட கேட்டுட்டதா சொன்னாங்க."

"நானா?" என்றார் நாத்தனார். "நான் ஏன் குடுக்கிறன்? அம்மாட கலியாணச் சேலையெண்டு எனக்குத் தெரியாமலா?"

வந்திருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "ஐயோ, பெட்டிக்குள்ள கட்டிக்கொண்டு போக வச்சிருந்ததல்லோ" என்று மெதுவாகச் சொன்னாள். அப்போதுதான் நான் எதை வெட்டினேன் என்று எனக்குத் தெரிந்தது. கணவரைப் பார்த்தேன். "தெரியாமச் செஞ்சிருப்பாம்மா, விடுங்க" என்றவர், அம்மா திரும்பிப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துக்கொண்டார். அந்தக் கைப்பேசி இல்லாத காலத்தில் ஆண்கள் எங்கே போய் ஒளிந்தார்களோ.

மாமியார் குனிந்து என் மகளின் முகவாயைப் பிடித்தார். "நீ பொய் சொல்லாத பிள்ளை. உன்ர அம்மாவுக்கு இந்தச் சேலையை ஆர் குடுத்தது?"

மகள் நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சேலையின் அந்தப் பக்கத்தைப் பிடித்தவள் அவள்தான்.

"தெரியாது" என்றாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நாத்தனார் எடுத்துக் கொடுத்து மருமகள் உடைத்தால் என்ன குடம் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

நான் அன்றே எல்லாவற்றையும் பிரித்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மாமியார் வேண்டாம் என்று தலையாட்டினார். பெண்கள் முன்னால், பாடம் நடத்துகிற அதே குரலில் சொன்னார்.

"பிள்ளைக்கு வாக்குக் குடுத்தாச்சு. அவள் ஒவ்வொரு நாளும் ஒரு பை திறக்கட்டும். அவள் திறந்த பையை நீர் அண்டண்டைக்குப் பிரிச்சு, இருந்த இடத்தில வச்சுத் தையும். யேசு பிறக்கேக்க என்ர சேலை முழுசா இருக்க வேணும்."

அப்படித்தான் அந்த வருஷத்து அட்வெண்ட் நடந்தது. விளக்கு வைத்ததும் எல்லோரும் கூடத்தில் உட்காருவோம். மாமியார் மெழுகுவத்தி ஏற்றுவார். மகள் நாற்காலியில் ஏறி அன்றைய பையில் கைவிட்டு மிட்டாயை எடுப்பாள், வசனத்தை வாசிப்பாள், அப்பம்மாவிடம் முத்தம் வாங்குவாள். அவள் மிட்டாயைச் சப்பிக்கொண்டிருக்கும்போதே நான் அந்தப் பையைப் பிரிப்பேன். என் தையலை நானே பிரிப்பதற்கு அரைமணி நேரம் ஆகும், அவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தேன். பிறகு மடிப்பை நிமிர்த்தி, சேலைத் தலைப்பை மடியில் விரித்து, அந்தத் துண்டைப் பக்கத்துத் துண்டோடு சேர்த்து, பட்டு நூலால் கையாலேயே தைப்பேன். மாமியார் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும் விரலை ஓட்டிப் பார்ப்பார்.

"இழை தெரியுது" என்று ஒருநாள் சொன்னார். "திரும்பத் தையும்."

திரும்பத் தைத்தேன். துணியை வெட்டித் திரும்ப ஒட்டினால் குறையும். தையலுக்குள் போகிற துணி போனதுதான். தலைப்பு கட்டையாகிக்கொண்டே வந்தது. அதைச் சொன்னபோது, "நானும்தான் குறைஞ்சுகொண்டு வாறன்" என்றார். அதற்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆம், ஆட்கள் வந்தார்கள். கேரல் பாட வந்த குழு, கேக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், பாஸ்டரின் மனைவி. யார் வந்தாலும் நான் தையலோடு கூடத்திலேயே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்பவர்களுக்கு மாமியார் ஒன்றும் விட்டுவிடாமல் சொல்வார். கடைசியில், "பாவம், எஸ்டேட் பிள்ளை. அவைக்கு வெள்ளையெண்டால் வேற" என்று என்னை மன்னித்தும்விடுவார். நான் அழவில்லை. அவர்கள் பார்க்க ஒரு சொட்டு விடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

நாத்தனாரிடம் ஒரே ஒருமுறை கேட்டேன். அடுப்படியில், அவர் சுகி கேக்குக்கு ரவையை வறுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "என்ர கலியாணத்துக்கு அந்தச் சேலையைக் கேட்டனான். தரேல்லை. தான் பெட்டிக்குள்ள கட்டப்போறாவாம். பிறகு கலியாணமும் நிண்டு போச்சு. நான் வெட்டினா வீட்டை விட்டுத் துரத்துவா. உன்னைத் துரத்த மாட்டா, வீட்டு வேலை ஆர் செய்யிறது?"

"நான் மாமிகிட்ட சொல்றேன்."

"சொல்லு. உன்ர பிள்ளையே தெரியாதெண்டு சொல்லிட்டாளே."

ரவை வாசனை நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கேக்கை இன்றைக்கும் என்னால் வாயில் வைக்க முடியாது.

இதெல்லாம் போதாது என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என் அம்மா செமோரிலிருந்து பஸ் ஏறி வந்தார். வருஷா வருஷம் வருவதுதான், ஒரு டின் அச்சு முறுக்கோடு. நான் தைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் எழுந்து நின்று வரவேற்றார், ஆரஞ்சு ரசம் கொண்டுவரச் சொன்னார், என் அம்மாவைக் குஷன் போட்ட நாற்காலியில் உட்கார வைத்தார்.

"உம்மட மகள் என்ர சவச் சேலையைத் தைக்கிறா" என்றார்.

கதை முழுவதையும் கேட்ட என் அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. காலையில் மரத்து மங்குக் கிண்ணத்தில் ரப்பர் பால் குறைந்தால் தோட்டக் கண்காணி மண்டோர் முன்னால் நின்ற அதே முகம். எனக்கு அது தெரிந்த முகம்தான், என் மகளுக்குத்தான் புதிது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"கால்ல விழு. மாமியா கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு."

"அம்மா, நான் வேணும்னு..."

"விழுடி!"

சேலையை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு விழுந்தேன். என் கை படுவதற்கு முன்பே மாமியார் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எழும்பும். எங்கட வீட்டில மனுசர்ட காலில விழுறதில்லை. ஞானஸ்நானம் எடுத்து எத்தினை வருசம், இது கூடத் தெரியாதே?"

தரையில் கிடந்த எனக்குத் தொட ஒன்றும் இல்லை. எழுந்திருக்கும்போது மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் முறுக்கு டின்னின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். என் அம்மா ஆரஞ்சு ரசத்தைக் குடிக்காமலே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கடைசிப் பையும் சேலைக்குள் போயிற்று. பச்சைத் துணி வெறுமனே தொங்கியது. மாமியார் தலைப்பை விரித்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கிட்டத்தில் பார்த்தால் சதுரம் சதுரமாகத் தையல் தெரியும், அதை எந்தத் தையல்காரியாலும் மறைக்க முடியாது.

"நான் செத்தா இதைத்தான் உடுத்த வேணும்" என்றார். "வாறவை கேப்பினம். அப்ப நீர் மறுமொழி சொல்லும்."

சாவிலும் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்க ஏற்பாடு செய்துவிட்டு, பாட்டுப் பாட ஆலயத்துக்குக் கிளம்பினார்.

அடுத்த அட்வெண்டை அவர் பார்க்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் குளியலறையில் விழுந்தார், மருத்துவமனையில் சில நாள் கிடந்தார், பேச்சு திரும்பாமலே போய்விட்டார். நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கெட்ட மருமகள் என்று யாரும் சொல்ல முடியாது.

உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே நாத்தனார் ஓடிப்போய் ஒரு புது வெள்ளைச் சேலை வாங்கி வந்துவிட்டார். கண் வீங்கியிருந்தது.

"இதைக் கட்டுவம்" என்றார். "அம்மா ஏதோ கோவத்தில சொன்னது."

"மாமி சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு" என்றேன். "செத்தவங்க வார்த்தையத் தட்டக் கூடாதுக்கா."

கணவரும் வந்து, "புதுசே கட்டேன், எதுக்கு வம்பு" என்றார். அலமாரியைத் திறந்து அந்தச் சேலையை எடுத்தேன். உடுத்துவது வீட்டுப் பெண்களின் வேலை. ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் நாத்தனாரைப் பிடிக்கச் சொன்னேன். தலைப்பைத் தோளுக்குப் பின்னால் விட்டு, நல்ல பக்கத்தை முன்னால் வைத்திருக்கலாம். எனக்குச் சேலை கட்டத் தெரியாதா என்ன? நான் தலைப்பை முன்னால் கொண்டுவந்து நெஞ்சின் மேல் விரித்தேன். இருபத்துநான்கு துண்டும் தெரிந்தன. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இனித்தது. சொன்னால் பாவம்தான், ஆனாலும் இனித்தது.

பெட்டியைக் கூடத்தில் வைத்தோம். வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். மாமியார் சொன்னது நடந்தது, எல்லோரும் கேட்டார்கள். "என்ன பிள்ளை இது, நெஞ்சில இவ்வளவு தையல்?"

"அக்காகிட்ட கேளுங்க" என்றேன். "அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

தாயின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் போய்க் கேட்டார்கள். முதலில், பழைய சேலை, கிழிந்திருந்தது என்றார். அடுத்து வந்தவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் அழுதார். அதற்கு அடுத்து ஆள் வருவது தெரிந்ததுமே எழுந்து வெளியே போய், பந்தலுக்கு அடியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மூடும் வரை உள்ளே வரவில்லை. யாராவது கூட்டி வாருங்கள் என்று பாஸ்டர் சொன்னார். நான் போகவில்லை. என் மாமியாரின் தலைமாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன், என் பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். இப்போது என்ன சொல்கிறீர் என்று பெட்டிக்குள் பார்த்து மனதுக்குள் கேட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாடகை நாற்காலிகளை எடுக்க ஆள் வருவதற்குள் நான் அவற்றை அடுக்கினேன். மகள் கூட வந்து உதவினாள். எட்டு வயதாகியிருந்தது, இரண்டிரண்டாகத் தூக்கினாள். எனக்கு மனம் லேசாக இருந்தது. இத்தனை மாதமாக அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்கலாம் என்று தோன்றியது. உண்மையில் அவளுக்கான பதிலையும் நானே தயாராக வைத்திருந்தேன். பயந்துவிட்டேன் அம்மா, அப்பம்மாவைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்பாள். நான் பரவாயில்லை என்று கட்டிக்கொள்வேன். இனி இந்த வீட்டில் பயப்பட ஆள் இல்லை என்பேன்.

"அன்னைக்கு அப்பம்மா கேட்டப்ப, சேலையை யார் குடுத்ததுன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா தெரியாதுன்ன?"

நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. கணக்குக்கு விடை சொல்வது மாதிரி சொன்னாள்.

"ஆன்ட்டின்னு சொன்னா அப்பம்மா ஆன்ட்டிய ஏசுவாங்க. ஆன்ட்டி அழுவாங்க. ஒங்கள எப்பவும் ஏசுறதுதானே மா. ஒங்களுக்குப் பழகிருச்சுதானே."

மாமியார் சொன்னதையெல்லாம் சேர்த்துக் கட்டி ஆற்றில் விட்டுவிடுவேன், இதை என்னால் விட முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். தான் சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"பசிக்குதுமா" என்றாள்.

உள்ளே போய்ச் சோறு போட்டேன்.